மருந்தா, மாடியா?

படித்தவர்களை ஓர் அறை நிறைய உட்காரவைத்து, "உங்க யாருக்கும் எழுதத் தெரியாது" என்று சொல்ல நெஞ்சழுத்தம் வேண்டும். எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவருக்கு அது தாராளமாகவே இருந்தது. ஏதோ ஓர் ஆய்விதழுக்கு ஆசிரியராக இருந்து, வந்த கட்டுரைகளைத் திருப்பி அனுப்பியே பேர் வாங்கியவர். முதல் நாள் காலையிலேயே என் கட்டுரையின் முதல் பக்கத்தைத் திரையில் போட்டுப் பாதியைச் சிவப்பால் அடித்தார். மதியச் சாப்பாட்டுக்குள் அவருக்கு 'வெட்டு சார்' என்று பேர் வைத்துவிட்டோம். வைத்தது நான்தான்.

நான் பூச்சி ஆராய்ச்சி செய்கிறவள். வயலில் பொறி வைத்து, விழுகிற வண்டுகளை வகை பிரித்து, எந்தப் பருவத்தில் எது பெருகுகிறது என்று பார்ப்பது வேலை. பூச்சிகளோடு எனக்கு எந்தத் தகராறும் கிடையாது. எழுத்தோடுதான். என் கட்டுரையை ஓர் இதழ் 'தெளிவில்லை' என்று திருப்பியது. இன்னொன்று 'சற்றும் தெளிவில்லை' என்றது. அடுத்தது காரணம் சொல்லக்கூட மெனக்கெடவில்லை. அதனால் எங்கள் நிலையத்தில் என்னைப் பிடித்து இந்தப் பயிற்சிக்குத் தள்ளிவிட்டார்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரு கல்லூரியின் பழைய கணினி அறையில் நடக்கும். கட்டுரை எழுதுவது, இதழுக்கு அனுப்புவது, திரும்பி வந்தால் அழாமல் திருத்துவது, எல்லாம் பாடம்.

எனக்குப் பக்கத்து நாற்காலி பிசியோவுக்கு வாய்த்தது. மருத்துவமனையில் வயதானவர்களுக்கு நடைப்பயிற்சி கொடுக்கிற பெண். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவள். அவள் எழுத்து ஓடுகிற தண்ணீர் மாதிரி இருக்கும். வெட்டு சாரே அவள் முன்னுரையைப் படித்துவிட்டுப் பேனாவை மூடினார். எனக்கு வயிறு எரிந்தது என்று சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அவள் கட்டுரை ஒரு வகுப்பைப் பற்றியது. வயதானவர்கள் வீட்டில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்கிறார்கள் அல்லவா, அப்படி விழாமல் இருக்க வாரம் இரண்டு நாள் கால் பலப் பயிற்சி. அவளே யோசித்து, அவளே கெஞ்சி இடம் வாங்கி, அவளே நடத்துவது. பேர் கொடுத்த வயதானவர்களில் ஒரு பாதிப் பேரை வகுப்பில் சேர்த்தாள். மறுபாதிக்கு அறிவுரைத் தாள் மட்டும் கொடுத்தாள். ஒரு வருடம் கழித்து யார் அதிகம் விழுந்தார்கள் என்று பார்த்தாள். வகுப்புக்காரர்கள் பாதிக்குப் பாதி குறைவாக விழுந்திருந்தார்கள்.

"இது நல்ல இதழ்ல ஏத்துக்கிட்டாங்கன்னா வகுப்பு தொடரும்னு பெரிய டாக்டர் சொல்லிட்டார் மேடம். என் வேலையும் நிரந்தரம் ஆயிடும். வருஷக் கடைசிக்குள்ள ஏத்துக்கலைன்னா அந்த அறையை பழைய கட்டில் போட்டு வைக்கக் கேக்கறாங்க" என்றாள், டீ குடிக்கும்போது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவளுக்கு அந்த வகுப்பு உயிர்.

"அப்ப நீங்க ஏன் இங்க வந்தீங்க? உங்களுக்குத்தான் எழுத வருதே."

"சான்றிதழ் வேணுமாம்." சிரித்தாள். கூடவே ஒரு புலம்பல். "ஊரெல்லாம் என் வகுப்பைப் பாராட்டுது. என் மாமியார் மட்டும் நாலு நாள் வந்துட்டு, 'எனக்கு இதெல்லாம் சரிப்படாதும்மா'ன்னு நின்னுட்டாங்க. நான் நடத்தறேன்னாலே இளக்காரம். கொழுந்தனார் வீட்லதான் இருக்காங்க. நானும் அப்புறம் கேக்கல."

வெட்டு சாருக்கு ஒரு வழக்கம் உண்டு. அதை அவர் 'அட்டவணை மாற்று' என்பார். இரண்டிரண்டு பேராகப் பிரித்து, அவரவர் கட்டுரையில் இருக்கும் அட்டவணைகளை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்வார். முன்னுரை கிடையாது, முடிவுரை கிடையாது, தலைப்புகூடக் கிடையாது. எண்களை மட்டும் பார்த்து, இந்த ஆய்வு என்ன சொல்கிறது என்று ஒரே ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அதை உரக்கப் படிக்கும்போது கட்டுரைக்குச் சொந்தக்காரர் வாய் திறக்கக் கூடாது.

"ஏன் சார் பேசக் கூடாது?" என்று யாரோ கேட்டார்கள்.

"கட்டுரையை அனுப்பும்போது நீங்களும் கூடவே போவீங்களா?" என்றார் வெட்டு சார். "படிக்கிறவன் பக்கத்துல உக்காந்து, 'அது அப்படி இல்லீங்க, நான் சொல்ல வந்தது வேற'ன்னு கையைப் பிசைய முடியுமா? முடியாதுல்ல? அப்ப இப்பவே சும்மா இருந்து பழகுங்க."

எனக்கும் பிசியோவுக்கும் ஜோடி. முதலில் என் அட்டவணைகளுக்கு அவள் எழுதிய வாக்கியத்தைப் படித்தாள். "இந்த அட்டவணைகளில் நிறைய வண்டுகள் இருக்கின்றன, அதற்கு மேல் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை." அறையே சிரித்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினெட்டு வகை வண்டையும் ஒரே அட்டவணையில் அடைத்துவைத்தால் வேறென்ன தெரியும்? அவள் சொன்னது நியாயம்தான், ஆனாலும் முகம் சூடாகிவிட்டது.

பிறகு என் முறை. நான் பழிவாங்க எழுதவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் தாளைப் பார்த்தபோது என் கண் வழக்கம்போல எண்ணிக்கைக்குத்தான் போனது. முதல் அட்டவணையில் வகுப்பில் சேர்ந்தவர்கள் எண்பது பேர். கடைசி அட்டவணையில் அதே வகுப்பில் நாற்பத்தாறு பேர்தான் இருந்தார்கள். அறிவுரைத் தாள் வாங்கியவர்கள் அநேகமாக அப்படியே இருந்தார்கள். மீதி முப்பத்துநாலு பேர் எங்கே? கீழே பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு இருந்தது: 'பாதி வகுப்புகளுக்குக் குறைவாக வந்தவர்கள் சேர்க்கப்படவில்லை. காரணம்: ஆர்வமின்மை.'

பொறி வைக்கிறவளுக்கு இது பாலபாடம். பொறியில் விழுந்த பூச்சியைத்தான் எண்ண முடியும். விழாத பூச்சி வயலில் இல்லை என்று அர்த்தமில்லை. நான் எழுதியதைப் படித்தேன்.

"வகுப்புக்குத் தொடர்ந்து வர முடிந்தவர்கள் குறைவாக விழுந்தார்கள், விழாமல் இருந்தது வகுப்பாலா என்று இந்த அட்டவணை சொல்லவில்லை."

யாரும் சிரிக்கவில்லை. பிசியோவின் முகத்தில் ஈயாடவில்லை. வாய் திறக்கக் கூடாது என்பதால் அவள் திறக்கவில்லை, ஆனால் உதடு துடித்ததைப் பக்கத்தில் இருந்த நான் பார்த்தேன். வெட்டு சார் தாளை வாங்கிப் பார்த்தார், அடிக்குறிப்பில் விரலை வைத்தார், "ம்" என்றார். முதல் நாள் அவள் முன்னுரைக்கு மூடிய பேனாவை இப்போது திறந்தார். அந்தச் சின்ன சத்தத்துக்காக எனக்கு அவர் மேல் கோபம் வந்தது.

இடைவேளையில் அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"வண்டு எண்ணறதும் மனுஷங்களைப் பாக்கறதும் ஒண்ணா மேடம்? அவங்களுக்கு ஆர்வம் இல்லை, வரல. வராதவங்களுக்கு என் வகுப்பு என்ன பண்ணும்? வராதவங்களை எல்லாம் கணக்குல சேத்தா யாருக்குமே எதுவுமே பயன்படலன்னுதான் வரும். அறையைப் பூட்டிடுவாங்க. உங்களுக்கென்ன, நிரந்தர வேலை."

எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கு எப்படியோ அடங்கியிருந்தது. "வந்து விலகினவங்க முதல் நாள் எப்படி நடந்தாங்க, அளந்து வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"எல்லாரையும் அளந்திருக்கேன்." மடிக்கணினியை வெடுக்கென்று திறந்தாள். என்னைப் பொய்யாக்கத்தான் திறந்தாள். எல்லோரையும் நடை வேகப்படி வரிசைப்படுத்தினாள். விலகியவர்கள் எல்லோரும் அநேகமாக ஒரே பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். மெதுவாக நடந்தவர்களின் பக்கம்.

அவள் பட்டியலை மேலும் கீழும் உருட்டினாள். நான்தான் கேட்டேன். "ஆர்வமின்மை எப்படிம்மா மெதுவா நடக்கறவங்களுக்கு மட்டும் வரும்?"

"தெரியல" என்றாள். கோபம் போகாத குரலில், "நீங்களே வந்து பாருங்க. என் வகுப்புல என்ன குறைன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். சவாலுக்குக் கூப்பிட்டால் நான் போகாமல் இருக்கமாட்டேன். என் வீட்டுக்காரர் இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதுவார்.

அடுத்த வகுப்பு நாளன்று போனேன். "நீங்க முன்வாசல்ல நுழைஞ்சு மேல வந்துடுங்க. நான் வார்டு வழியா வந்துடுவேன்" என்று சொல்லியிருந்தாள். ஊழியர்கள் வந்துபோக வார்டின் பின்பக்கம் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற சரிவுப் பாதை இருக்கிறதாம். வெளியாட்களை அந்தப் பக்கம் விடமாட்டார்களாம். 

பழைய கட்டிடம். நுழைந்ததும் இடதுபுறம் மருந்து கொடுக்கிற ஜன்னல், எதிரே ஒரு நீளமான மரப் பெஞ்சு, பெஞ்சு முடிகிற இடத்தில் படிக்கட்டு. ஒவ்வொரு படியும் நல்ல உயரம். பாதியில் திரும்பி மறுபடி ஏறியது. வரப்பில் விழுந்து விழுந்து என் வலது முட்டி எப்போதோ கைவிட்டுவிட்டது. அண்ணாந்து பார்த்தேன். மூச்சு வாங்கிக்கொள்ளலாம் என்று பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

பெஞ்சு நிறைய வயதானவர்கள். கைத்தடிகள், துணிப்பைகள், தண்ணீர் பாட்டில்கள். நடுவில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மருந்தா, மாடியா?"

"மாடிங்க."

"ஏறிடுவீங்களா?"

"முட்டி ஒத்துழைக்கணுமே."

"அப்ப சும்மா இருங்க, எதுக்கு உடம்பை வருத்திக்கறீங்க?" அந்த அம்மா நகர்ந்து எனக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டார். "நாங்க எல்லாரும் மாடிதான்."

எனக்கு முதலில் புரியவில்லை. "மாடின்னா?"

"மாடி வகுப்பு. விழாம நடக்கச் சொல்லிக்குடுக்கறாங்களே, அது." பக்கத்தில் இருந்த பெரியவர் குறுக்கே புகுந்தார். "ஆஸ்பத்திரி வண்டி வீட்டு வாசல்லயே வந்து ஏத்திக்குதுல்ல, வந்துடுவோம். ஏறத் தெம்பு இருக்கறவங்க ஏறுவாங்க. அவங்க எறங்கி வந்து, இன்னைக்கு என்ன சொல்லிக்குடுத்தாங்கன்னு எங்களுக்குச் சொல்லுவாங்க. பாதியை மறந்துட்டுதான் வருவானுங்க."

"மேல போய் சொல்லலாமே, ஏற முடியலன்னு?"

"மேல போனாத்தானே சொல்ல முடியும்?" என்றார் பெரியவர். பெஞ்சு முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. வயலில் வைத்த எந்தப் பொறியும் என்னை இப்படித் தூக்கிவாரிப் போட்டதில்லை. விழாமல் இருக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பை மாடியில் வைத்திருக்கிறார்கள்! அறையை ஒதுக்கிய பெரிய டாக்டரும் சரி, வாங்கிய இவளும் சரி, சரிவுப் பாதையிலேயே போய்வந்தவர்கள். ஒருநாள்கூட முன்வாசல் படியைப் பார்க்கவில்லை.

"ஆனா நல்ல பொண்ணு" என்றார் கண்ணாடி அம்மா, யாரோ குறை சொல்லிவிட்டதுபோல. "அவ்வளவு பொறுமையா சொல்லிக்குடுக்கும். நான் நாலு வகுப்பு போனேனே. எறங்கும்போதுதான் கண்ணைக் கட்டிடும்." குரலைத் தாழ்த்தினார். "என் மருமக."

நான் எழுந்துவிட்டேன். முட்டியைத் திட்டிக்கொண்டே கைப்பிடியைப் பிடித்து ஏறினேன். மேலே நல்ல வெளிச்சமான அறை, சுவரோரம் கம்பிகள், வட்டமாகப் போட்ட நாற்காலிகள். பிசியோ ஒரு பெரியவரின் கையைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்கவைத்துக்கொண்டிருந்தாள். அவள் நடத்துவதில் ஒரு குறையும் இல்லை. ஒருவரைக்கூட அவசரப்படுத்தவில்லை. இவளிடம் போய் எப்படிச் சொல்வது?

சொல்லவில்லை. வகுப்பு முடிந்ததும், "இன்னைக்கு என்கூட முன்படி வழியா எறங்கி வா" என்றேன். எப்போது 'வாங்க' போய் 'வா' ஆனது என்று எனக்கே தெரியாது.

என் ஒரு கையைப் பிடித்து அழைத்து வந்தாள். தொழில் புத்தி, படி ஒவ்வொன்றையும் பார்த்து, "இது என்ன இவ்வளவு உயரமா இருக்கு" என்று முணுமுணுத்தாள். திருப்பத்தில் வந்ததும் கீழே இருந்து சத்தம் கேட்டது. முன்னால் இறங்கியவர்களைச் சுற்றிக்கொண்டு, "என்ன சொல்லிக்குடுத்தாங்க? எந்தக் காலை முதல்ல?" என்று பெஞ்சு கேட்டுக்கொண்டிருந்தது. அவள் கை என் கையில் இறுகியது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லோரையும் அவளுக்குத் தெரியும். ஒவ்வொருவர் நடையையும் அளந்தவள் அல்லவா. கடைசியில் நடுவில் இருந்த முகத்துக்கு வந்தாள்.

"அத்தை."

மாமியார் தடியை எடுத்துக்கொண்டு எழப் பார்த்தார், திருட்டுத்தனம் பண்ணிப் பிடிபட்டதுபோல. "இல்லம்மா, சும்மா, இவங்களோட பேசிட்டிருக்கலாம்னு…"

"எப்பலேர்ந்து இங்க உக்காந்துட்டிருக்கீங்க?"

"வண்டி வர்ற நாளெல்லாம் வருவேன்."

"ஏற முடியலன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீ நாயா பேயா அலைஞ்சு வாங்கின இடம். நானே போய் குறை சொன்னா நல்லாவா இருக்கும்? 'மாமியாரே குத்தம் சொல்றா'ன்னு உன் பெரிய டாக்டர் காதுக்குப் போச்சுன்னா? மேல ஏறுறவங்ககிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நான்தான் சொல்லி வெச்சேன்." சுற்றிலும் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார். "விலகினவங்களைப் பத்தியும் கட்டுரையில எழுதணுமாமே. என்னை என்னன்னு எழுதியிருக்க?"

பிசியோ கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெள்ளை அங்கி தூசியில் புரண்டது. அவள் பொய் சொல்லியிருக்கலாம், அந்த இடத்தில் நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"ஆர்வம் இல்லைன்னு எழுதினேன் அத்தை."

மாமியார் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆர்வம் இல்லாமலாம்மா வாரத்துக்கு ரெண்டு தடவை கிளம்பி வந்து இந்த மரப்பெஞ்சுல உக்காந்திருக்கேன்?" என்றார்.

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மருந்து வாங்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். என்னிடம் ஆறுதல் சொல்லும் சாமர்த்தியம் கிடையாது. பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். எழுந்திருக்க அவள்தான் எனக்குக் கைகொடுக்க வேண்டியிருந்தது.

அதன்பிறகு அவள் செய்ததை நான் செய்திருப்பேனா என்று தெரியவில்லை. கட்டுரையை அப்படியே அனுப்பியிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பார்கள். பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்? பயிற்சியில் எங்கள் வகுப்பிலேயே ஒருவர், "இதையெல்லாம் ஆய்வுக் குறைபாடுகள்னு கடைசியில ஒரு வரியில போட்டுட்டு அனுப்பும்மா, வேலையைக் காப்பாத்திக்கோ" என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, கட்டுரையைப் பிரித்துப் போட்டாள். வந்தவர், வராதவர் எல்லோரையும் சேர்த்து மறுபடி கணக்குப் போட்டாள். வித்தியாசம் சுருங்கி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குப் போய்விட்டது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தானே போய்ப் பெரிய டாக்டர் மேசையில் வைத்தாள்.

வருடக் கடைசி வந்தது, போனது. கட்டுரை எந்த இதழிலும் இல்லை. நிரந்தர வேலை வேறொருவருக்குப் போனது. இவளுக்கு இன்னொரு வருடத் தற்காலிகம். ஆனால் மாடி அறைக்குப் பழைய கட்டில்கள் ஏறின அதே வாரத்தில், கீழ்த்தளத்தில் பெரிய டாக்டரின் கூட்ட அறை வகுப்புக்குக் கிடைத்தது. அவர் மனம் மாறினாரா, அல்லது யாரோ முன்வாசல் படியைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பிவிட்டார்களா என்று எனக்குத் தெரியாது. படம் பிடித்தது நான்தான்.

மறு வருடம் என் வண்டுக் கட்டுரை வெளிவந்தது. பிசியோ உட்கார்ந்து பதினெட்டு வகையையும் நான்கு பிரிவாக்கி அட்டவணையைச் சுருக்கிக் கொடுத்தாள். அவள் கட்டுரையும் புதிதாக எழுதப்பட்டு மதிப்பீட்டுக்குப் போனது. இப்போது அது வகுப்பைப் பற்றியதல்ல, வகுப்பிலிருந்து விலகியவர்களைப் பற்றியது. மதிப்பீட்டாளர் ஒருவர் கடுமையாக ஒரு கேள்வி எழுப்பியிருந்தார்: 'விலகியவர்களைப் பின்தொடர்ந்து கண்டறிவது இத்தகைய ஆய்வுகளில் மிகக் கடினம். ஆசிரியர் இவர்களை எங்கே, எவ்வாறு கண்டறிந்தார் என்று துல்லியமாகக் குறிப்பிட வேண்டும்.'

அவள் பதில் எழுதி வெட்டு சாருக்கும் எனக்கும் அனுப்பினாள். வெட்டு சார் ஒரு சொல்லைக்கூடத் தொடவில்லை. அச்சில் அது இப்போதும் அப்படியே இருக்கிறது. நான் அந்த இதழின் பக்கத்தை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

'விலகியவர்களில் பதினோரு பேர், வகுப்பு நடந்த நாட்களில், வகுப்பு நடந்த நேரத்தில், எங்கள் படிக்கட்டின் அடியில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.'